ஐம்பது மைல்

சென்னை சென்ட்ரலுக்கு இரண்டு முகங்கள். சிவப்புக் கட்டடமும் மணிக்கூண்டுமாகப் படங்களில் வருவது ஒன்று. அதையொட்டி, 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் எழுந்த புறநகர் முனையம் மற்றொன்று. அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வண்டிகள் இங்கிருந்து புறப்படுகின்றன. பதினொரு வருடம் வேலைக்குப் போய்வந்த எனக்கு இந்த இரண்டாவது முகம்தான் சென்ட்ரல்.

அரக்கோணம் 69 கிலோமீட்டர். மின்சார ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மகளிர் பெட்டியில் பூத் தொடுப்போம், கீரை ஆய்வோம், சீட்டுப் பணம் கைமாறும். எல்லோருக்கும் பொதுவாக இன்னொரு பழக்கமும் உண்டு: தண்ணீர் குடிக்க மாட்டோம். புறநகர் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. மாதவிடாய் நாள்களிலும், வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் மாதங்களிலும் இதே கதைதான். "வாயை மட்டும் நனைச்சுக்கோ, குடிக்காதே" என்று எனக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்தவர், திருவள்ளூரில் ஏறும் ஓர் அக்கா.

இதன் பழைய கணக்கைப் பின்னாளில் ஒரு சட்டத்தில் கண்டேன். 1890-ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம், 64-ஆம் பிரிவு: பயணிகள் வண்டி ஒவ்வொன்றிலும் கடைசி வகுப்பில் ஓர் அறையாவது பெண்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். வண்டி 50 மைலுக்கு மேல் ஓடினால், அப்படி ஒதுக்கிய ஓர் அறையில் கழிப்பறை இருக்க வேண்டும். 50 மைல் என்றால் 80 கிலோமீட்டர். அதற்குக் குறைந்த தூரமென்றால் பெண் அடக்கிக்கொள்வாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கிலும் அரக்கோணம் 11 கிலோமீட்டர் குறைவு!

ரயிலில் கழிப்பறை வந்த வரலாறு என்றால், பலாப்பழம் தின்று, ஒதுங்கப் போன இடத்தில் வண்டியைத் தவறவிட்ட ஒகில் சந்திர சென் 1909-இல் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு 19 ஆண்டுகள் முன்பே, கடைசி வகுப்புப் பெண்களுக்காகச் சட்டத்தில் எழுதப்பட்ட வரியை யாரும் நினைப்பதில்லை. ஓர் ஆணின் அவசரம் வரலாறாயிற்று. பெண்களின் அவசரம் பேச்சிலேயே வரவில்லை.

அந்த வரியும் நிலைக்கவில்லை. சுதந்திர இந்தியாவின் 1989 ரயில்வே சட்டத்தில், 58-ஆம் பிரிவு பெண்களுக்கு இடம் ஒதுக்குகிறது. கழிப்பறையைப் பற்றி அது பேசவில்லை. 162-ஆம் பிரிவு பெண்கள் பெட்டியில் ஏறும் ஆணுக்கு அபராதம் விதிக்கிறது. உள்ளே யார் வரக் கூடாது என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. உள்ளே இருப்பவளுக்கு என்ன வேண்டும் என்பதை நாம்தான் சொல்லியாக வேண்டும். பெண்ணின் உடலை மைல் கணக்கில் அளக்க முடியாது என்பதிலிருந்து தொடங்கலாம்.

திருவள்ளூர் அக்காவுக்குச் சிறுநீர்த் தொற்று மாறி மாறி வந்தது. "தண்ணி நிறையக் குடிங்கன்னு டாக்டர் சொல்றாரு" என்றார் ஒருநாள். "அவரு நம்ம வண்டியில ஒரு வாரம் வந்துட்டுச் சொல்லட்டும்."