பெரம்பலூர், அரியலூர் குழந்தைகள் யார் கணக்கில்? ரத்தப் புற்றுநோயை எண்ணிய கதை

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய், அதாவது லுகேமியா, எல்லா ஊரிலும் ஒரே அளவில்தான் வருகிறதா? சின்னக் கேள்விதான். ஆனால் பதில் தேடிப் போனால் இன்னொரு கேள்வி குறுக்கே வந்து நிற்கும்: எண்ணியது யார்? பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை வைத்தே பார்ப்போம்.

முதலில் ஒரு மனக்கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி பெரம்பலூரில் 5,65,223 பேர், அரியலூரில் 7,54,894 பேர். இரண்டிலும் சேர்த்து 15 வயதுக்கு உட்பட்டவர்கள் ஏறக்குறைய 3 லட்சம்னு வைத்துக்கொள்ளலாம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை பல நாட்டுப் பதிவேடுகளைத் திரட்டி 2017-இல் வெளியிட்ட கணக்கில், 10 லட்சம் குழந்தைகளில் வருஷத்துக்குச் சுமார் 46 பேருக்கு லுகேமியா வருகிறது. அதே விகிதத்தை இங்கே போட்டால் வருஷம் 14 குழந்தைகள். சரி, இந்த 14 பேர் எந்த நோட்டில் இருந்தார்கள்?

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சி அது. தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் 1981-இல் வந்தபோது, சென்னை நகரத்துக்கான பதிவேடு அங்கேதான் அமைந்தது. ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் குறிப்பெடுத்தார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டார்கள். ஆனால் அது சென்னைவாசிகளின் கணக்கு. ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடையாறு போனால் சிகிச்சை கிடைக்கும், ஆஸ்பத்திரி ஏட்டில் பெயர் ஏறும். நகரக் கணக்கில் ஏறாது. விதி நியாயமானதுதான். வெளியூர்க்காரர்களைச் சேர்த்தால் சென்னையின் விகிதம் பொய்யாக உயர்ந்துவிடும். ஆனால் ஜெயங்கொண்டத்துக்கென்று தனிக் கணக்கும் அப்போது இல்லை.

எல்லையும் நிலையாக இல்லை. பழைய திருச்சி மாவட்டத்தைப் பிரித்துப் பெரம்பலூர் உருவானது 1995-இல். அதிலிருந்து அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் மறுபடி இணைந்து, 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டமானது. பழைய ஏடுகளில் 'திருச்சி ஜில்லா' என்று மட்டும் இருந்தால் இன்றைய மாவட்டத்துக்கு அதைப் பிரித்தெடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

2003-இல் திண்டுக்கல் மாவட்டத்துக்கு அம்பிளிக்கையை மையமாக வைத்து ஒரு பதிவேடு வந்தது. 2012-இல் தமிழ்நாடு முழுமைக்குமான பதிவுத் திட்டம் தொடங்கிய பிறகுதான் நம்ம இரண்டு மாவட்டங்களும் கணக்குக்குள் வந்தன.

இப்போது உலகத்துக்கு வருவோம். 2008-இல் வந்த ஓர் ஒப்பீட்டில், பதிவான லுகேமியா ஏழை நாடுகளில் 10 லட்சத்துக்குச் சுமார் 16, பணக்கார நாடுகளில் சுமார் 41. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு நோய் குறைவா? அதே ஒப்பீட்டில் லுகேமியா அல்லாத குழந்தைப் புற்றுநோய்கள் இரு பக்கமும் ஏறத்தாழ சமம். கட்டி என்றால் கண்ணுக்குத் தெரியும். லுகேமியா விடாத காய்ச்சலாக, சோகையாக, எலும்பு வலியாக வரும். காய்ச்சலில் போய்விட்டது என்று சொல்லி அடக்கம் செய்த குழந்தைகள் எத்தனையோ!

அதற்காக வித்தியாசமே இல்லைன்னு சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்காவில் ஒரே முறையில் எண்ணியும், ஹிஸ்பானியக் குழந்தைகளிடம் அதிகமாகவும் கறுப்பினக் குழந்தைகளிடம் குறைவாகவும் இருக்கிறது. மரபணு வேறுபாடுகளுக்கு அதில் பங்கு உண்டு. இரண்டு முதல் ஐந்து வயதில் நோய் உச்சம் தொடுவது பிரிட்டனில் 1920-களிலும், ஜப்பானில் 1960-களிலும்தான் இறப்புப் புள்ளிவிவரங்களில் தென்பட ஆரம்பித்தது. வாழ்க்கை வசதி மாறும்போது குழந்தைகளைத் தொற்றுகள் தாக்கும் காலமும் மாறுகிறது, அதுவே ஒரு காரணம் என்பது ஆய்வாளர் மெல் கிரீவ்ஸ் முன்வைத்த விளக்கம். ஆக, குறைந்த எண்ணில் பாதி உண்மையாகவும் பாதி கண்டுபிடிக்காமல் விட்டதாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க நல்ல பதிவேடு வேண்டும்.

அரியலூர்ப் பக்கம் யாருக்காவது இந்த நோய் வந்தால் உடனே சிமெண்ட் தூசி மேல் சந்தேகம் போவது இயல்பு. ஆனால் வருஷம் 14 என்பது சின்ன எண். ஒரு வருஷம் 9, அடுத்த வருஷம் 19 என்று வந்தாலும் அது தற்செயலாகவே இருக்க முடியும். பல வருஷக் கணக்கு கையில் இல்லாமல் ஆலையைக் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

கடைசியாக ஒன்று. சென்னைப் பதிவேட்டில் 1990–2001 காலத்தில் எல்லாக் குழந்தைப் புற்றுநோய்களும் சேர்த்து, 10 லட்சத்துக்கு ஆண் குழந்தைகள் 127, பெண் குழந்தைகள் 88. ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வருவது உலகமெங்கும் உள்ளதுதான். ஆனால் மேலை நாடுகளில் அது 1.2 மடங்கை ஒட்டியே இருக்கும். இங்கே 1.4 மடங்கு. மீதி வித்தியாசத்தில் உடல்கூறு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாமல் விட்ட பெண் பிள்ளைகள் எவ்வளவு? மாநகரத்திலேயே இந்தக் கேள்வி எழுகிறதென்றால் வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் எப்படி இருந்திருக்கும்னு யோசித்துப் பாருங்கள்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் லுகேமியா வகையில், பணக்கார நாடுகளில் இன்று பத்துக்கு ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள். வாரக்கணக்கில் காய்ச்சல் விடாமல், பிள்ளை வெளுத்துப் போய், தோலில் ரத்தப் புள்ளிகள் தெரிந்தால் ஒரு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பிள்ளை பிழைக்கவும், கணக்கில் வரவும் அதுதான் முதல் படி.