நெருங்கினாலே விலகிப் போறாங்களா? காரணம் திமிர் இல்லை!

நல்லா பேசுவாங்க, சிரிப்பாங்க. ஆனா 'உனக்கு என்னதான் கவலை?' என்று கேட்டால் போதும், பேச்சை மாற்றிவிடுவார்கள். இவர்களைக் 'கல்நெஞ்சம்' என்று சொல்லிவிடுகிறோம். உளவியலில் இதற்குப் பெயர் 'அவாய்டன்ட் அட்டாச்மென்ட்'.

எப்படித் தெரியவந்தது?

அமெரிக்காவின் பால்டிமோரில், ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் ஆய்வு நடத்தினார். அம்மா சில நிமிடங்கள் வெளியே போய்விட்டுத் திரும்புவார். பல குழந்தைகள் அம்மாவிடம் ஓடின. சில குழந்தைகள் அழவும் இல்லை, வந்தவரைக் கண்டுகொள்ளவும் இல்லை. இந்த முடிவுகள் 1978-ல் புத்தகமாக வந்தன.

உள்ளுக்குள் என்ன நடக்கிறது?

இப்படி அமைதியாக இருக்கும் குழந்தைகளின் இதயத்துடிப்பை வேறு ஆய்வாளர்கள் அளந்தார்கள். அது எகிறியிருந்தது! தவிப்பு இருக்கிறது, வெளியே காட்டவில்லை. அழுதாலும் அரவணைப்பு கிடைக்காது என்று பழகிய குழந்தை, தவிப்பை மறைக்கக் கற்றுக்கொள்கிறது என்பதே இதற்கான விளக்கம். பெரியவர்களின் காதல் உறவிலும் இதே போக்கு இருப்பதை 1987-ல் சிண்டி ஹசான், பிலிப் ஷேவர் ஆகியோர் காட்டினர்.

மாற முடியுமா?

முடியும். இது நோய் அல்ல, பழக்கம். வளர்ப்பு மட்டுமே காரணமும் அல்ல. பிறவிக் குணம், பின்னாளில் பட்ட காயங்களும் சேரும்.

துரத்தித் துரத்திக் கேட்டால் இன்னும் விலகுவார்கள். கொஞ்சம் இடம் விடுங்க; ஆனா சொன்ன நேரத்தில் மறுபடி பேசுங்க. விலகுபவர் நீங்களா? சொல்லாமல் காணாமல் போகாதீங்க. 'இப்ப முடியல, நாளைக்குப் பேசலாம்' என்ற ஒரு வரி போதும். உறவே உடையும் நிலை என்றால், மனநல ஆலோசகரைப் பாருங்கள்.