கேள்விக்குறியோடு பிறந்த கண்டுபிடிப்பு

வளர்ந்தவர் மூளையில் புதிய நரம்பணு பிறக்காது. இருப்பது அழியலாம், அழிந்தது திரும்பாது. ஸ்பெயினின் சாண்டியாகோ ரமோன் இ கஹால் முதல் உலகப் போர் தொடங்கும் காலத்தில் எழுதிய நூலில் இப்படித் தீர்ப்புச் சொன்னார். நரம்பணுவின் உருவத்தை உலகுக்குக் காட்டி நோபல் பரிசு வாங்கியவரின் சொல் அது. அரை நூற்றாண்டுக்கு அதை அசைக்க முடியவில்லை.

அசைத்தவர் வெளியிலிருந்து வந்தார். ஜோசப் ஆல்ட்மன் 1925இல் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிக் கொடுமையிலிருந்து உயிர் தப்பி, ஆஸ்திரேலியாவில் நூலக வேலை பார்த்து, பிறகு நியூயார்க்கில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். உளவியல் வழியாக வந்தவர் என்பதால்தான், முடிந்துபோனதாக எல்லோரும் நினைத்த கேள்வியை அவரால் மறுபடி எழுப்ப முடிந்தது என்பது என் எண்ணம்.

அவர் கையாண்ட முறை அப்போது புதியது. ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டிஎன்ஏவை நகலெடுக்கிறது. அதற்குத் தைமிடின் வேண்டும். கதிரியக்கமுள்ள ட்ரிட்டியத்தைத் தைமிடினில் சேர்த்து எலிக்கு ஊசி போட்டால், அந்த நேரத்தில் நகலெடுக்கும் செல்கள் மட்டும் அதை உள்வாங்கும். பிறகு மூளையை மெல்லிய சீவல்களாக்கி, ஃபோட்டோ ஃபிலிமில் உள்ள வெள்ளிக் கலவையைப் பூசி, வாரக்கணக்கில் இருட்டில் வைக்க வேண்டும். எடுத்துக் கழுவினால், புதிதாகப் பிறந்த செல்லின் உட்கருவுக்கு மேல் கரும்புள்ளிகள் தெரியும்.

ஆல்ட்மன் எலி மூளையில் காயம் உண்டாக்கி, அதைச் சுற்றிக் கிளையா எனும் துணைச் செல்கள் பெருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் மேல் புள்ளிகள் இருந்தன, வியப்பில்லை. ஆனால் சில நரம்பணுக்களின் மேலும் இருந்தன! 1962இல் 'சயின்ஸ்' இதழில் வந்த அவருடைய கட்டுரைக்குத் தலைப்பே கேள்விதான்: வளர்ந்த பாலூட்டிகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் உருவாகின்றனவா? அவர் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் இருந்தபோது கோபால் தாஸும் அவருடன் சேர்ந்தார். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில், பிறந்த பிறகும் நரம்பணுக்கள் உண்டாகின்றன என்ற சான்றை இருவரும் 1965இல் வெளியிட்டார்கள்.

துறை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவை மிகச் சிறிய செல்கள். சாதாரண நுண்ணோக்கியில் நரம்பணுவையும் கிளையாவையும் பிரித்தறிவது கடினம். அந்தச் சந்தேகம் நியாயமானது. சந்தேகப்பட்டவர்களில் பலர் சோதனையைத் தாங்களே செய்து பார்க்காததுதான் அநியாயம். எம்ஐடியில் நிரந்தரப் பணி கிடைக்காமல் ஆல்ட்மன் 1968இல் பர்டூ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1977இல் மைக்கேல் கப்லான் மின்னணு நுண்ணோக்கியில் அந்தச் செல்களைக் காட்டினார். அவருக்கும் அதே வரவேற்புதான்; அவர் துறையையே விட்டுப் போனார்.

கதவைத் திறந்தது ஒரு பறவை. 1983இல் ஃபெர்னாண்டோ நாட்டிபாமின் ஆய்வகம், வளர்ந்த கேனரிக் குருவியின் பாட்டுக்கான மூளைப் பகுதியில் புதிய நரம்பணுக்கள் சேர்வதைக் காட்டியது. 1998இல் பீட்டர் எரிக்சனும் ஃபிரெட் கேஜும் மனித மூளைக்கு வந்தார்கள். புற்றுக்கட்டியின் வளர்ச்சியை அறிய, பிரியும் செல்களில் பதியும் மருந்து சில நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டிருந்தது. அவர்கள் இறந்த பிறகு ஹிப்போகாம்பஸைப் பார்த்தபோது, நரம்பணுக்களிலும் அது பதிந்திருந்தது. இறக்கும் நிலையிலிருந்த முதிய உடலிலும் புதிய நரம்பணு!

ஆல்ட்மனுக்கு 2011இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருது கிடைத்தது. அப்போது அவர் எண்பதைத் தாண்டியிருந்தார். அந்த விருதை அவரோடு பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் ஆர்ட்டூரோ அல்வாரெஸ்-புய்யா. 2018இல், வளர்ந்த மனிதரின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணு எதையும் காண முடியவில்லை என்று அறிவித்தது இவருடைய குழுவேதான். அதே ஆண்டு வேறொரு குழு இருக்கிறது என்றது. 2025இல் ஸ்வீடனின் யோனாஸ் ஃபிரிசென் குழு, நரம்பணுவாக மாறக்கூடிய, பிரிந்துகொண்டிருக்கும் செல்களை வளர்ந்தவர்களிடமும் கண்டதாக எழுதியது. 2016இல் மறைந்த ஆல்ட்மன் இந்தச் சர்ச்சையைப் பார்க்கவில்லை.

எலியைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது; ஆல்ட்மன் பக்கமே தீர்ப்பு. மனிதரைப் பொறுத்தவரை, எவ்வளவு பிறக்கிறது, எந்த வயதுவரை என்ற வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அது முடியும் முன்பே, மூளைச் செல்லை வளர்ப்பதாகச் சொல்லி மாத்திரையோ பொடியோ விற்க வருபவர்களை நம்பாதீர்கள். உயிரியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தப் பாடத்தில் ஆல்ட்மன் பெயரைச் சொல்லுங்கள், கோபால் தாஸ் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.