‘கிமில்’: அந்தமானியர் வேட்டை உணவும் ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பும்

பெரிய அந்தமானியரின் பண்டைய உணவில் காட்டுப்பன்றி, கடலாமை, ஆவுளியா ஆகிய மூன்றும் தலையாயவை. வேட்டையாடிய பன்றியின் குடலை நீக்கி, வயிற்றில் இலைகளை அடைத்து, முழு உடலையும் தீயில் வாட்டிய பின்னரே துண்டுகளாக்கி மட்கலத்தில் வேகவைப்பர். இ. எச். மேன் 1880களில் வெளியிட்ட கட்டுரைகளில் இச்செய்திகள் காணப்படுகின்றன. சமையல் முறையைத் தமிழில் எழுதுவதில் இடர்ப்பாடு இல்லை. உண்பதைப் பற்றிய சொற்களே மொழிபெயர்ப்பாளரைத் தடுமாற வைக்கின்றன.

பருவமடையும் இளைஞரும் பெண்டிரும் இவ்வுணவுகளை நெடுங்காலம் விலக்கி நோற்பர். அந்நிலையிலிருப்பவரை அக்கா-பேயா மொழி ‘அக்கா-யாப்’ என்னும். ‘அக்கா’ என்பது வாயோடு தொடர்புடைய முன்னொட்டு. மொழிப்பெயர்களின் முதலில் நிற்பதும் அதுவே. (தமிழின் ‘அக்கா’வுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) நோன்பை முடிக்கக் கடலாமைக்கு ஒன்று, தேனுக்கு ஒன்று, பன்றியின் சிறுநீரகக் கொழுப்புக்கு ஒன்று எனச் சடங்குகள் உண்டு. கடலாமைச் சடங்கில் இளைஞன் நீர்ப்பருத்தி இலைகளின்மேல் பேசாமலும் உறங்காமலும் அமர்ந்திருப்பான். மூத்தவர் அவனுக்கு ஊட்டுவார்.

1906 முதல் 1908 வரை கள ஆய்வு நடத்திய ராட்கிளிஃப்-பிரவுன், 1922இல் வெளியான தம் நூலில், இச்சடங்கோடு பிணைந்த ‘கிமில்’ என்னும் அக்கா-ஜெரு சொல்லை ஆராய்கிறார். அக்கா-பேயாவில் இதன் இணை ‘குமுல்’. வெப்பம், நோய், புயல் வானிலை, சில இறைச்சிகளை உண்டவரின் நிலை, சடங்கிலிருக்கும் இளைஞனின் நிலை, மழைக்காலத்தின் பிற்பகுதி ஆகிய அனைத்தையும் இச்சொல் சுட்டும். வங்கக் கடலில் புயல் மிகும் பருவமும் அதுவே என்பது கருதத்தக்கது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் இங்கு ‘சூடு’ என எழுத விழைவது இயல்பு. ஆங்கிலத்துக்கு வாய்க்காத வசதி தமிழுக்கு உண்டு: மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்கிறோம், நோயையே ‘காய்ச்சல்’ என்கிறோம். ஆயினும் இந்நெருக்கம் ஏமாற்றக்கூடியது. தமிழர் உணவுச் சூடு பொருளின் குணம். குளிர்ச்சியான பொருளை உண்டால் தணியும். அந்தமானியர் கருத்தில் இறைச்சி உண்டவரின் உடலிலிருந்து எழும் மணம் காட்டு ஆவிகளையும் கடல் ஆவிகளையும் ஈர்த்து நோய் தரும். அதனைத் தடுப்பது மற்றோர் உணவன்று. உடலில் பூசும் ‘ஒடு’ என்னும் களிமண். ‘சூடு’ என்றெழுதினால் தமிழ் வாசகர் இதனைப் பித்தம், உடல்வாகு என்றே புரிந்துகொள்வர். ஆவியும் அச்சமும் மறைந்துபோகும். ‘தீட்டு’ என்பதும் பொருந்தாது. தீட்டு விலக்கத்தக்கது; கிமில் நிலையோ ஒருவர் முதிர்ச்சி பெறக் கடந்தே ஆகவேண்டியது.

இன்று இச்சொல்லின் பொருளெல்லையைக் கேட்டறியும் வாய்ப்பு அரிது. அக்கா-போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 சனவரியில் மறைந்தார். அன்விதா அப்பியின் அகராதி 2012இல் வெளிவந்தபோது, எஞ்சியிருந்தது பல வடக்கு மொழிகள் கலந்த வடிவமே. எனவே பழைய நூல்களைத் தமிழாக்குவோர் மூலச்சொல்லை அப்படியே நிறுத்தி, இடந்தோறும் விளக்குவதே தகும். அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சடங்கின்போதும் அதன் பின்னர்ச் சில காலமும் இளைஞனின் இயற்பெயரைச் சொல்வதில்லை. அவனை விளிப்பதே ‘கிமில்’ என்றுதான். ‘சூடு’ என்று எவரையும் தமிழில் விளிக்க இயலாது.