மனைவிக்குச் சொன்ன ஒடிஸி

1946 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு மலிவுப் பதிப்பு வெளிவந்தது. ஹோமரின் ‘ஒடிஸி’, ஆங்கில உரைநடையில். மொழிபெயர்த்தவர் இ. வி. ரியூ. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ‘பென்குயின் கிளாசிக்ஸ்’ வரிசையின் முதல் புத்தகம் அதுதான்.

ரியூ பேராசிரியர் அல்ல, பதிப்புத் தொழிலில் ஊறியவர். 1912-இல் பம்பாயில் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் கிளையைத் தொடங்கி நடத்தியவர். பின்னாளில் வீட்டில் மாலை வேளைகளில் கிரேக்க மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவி நெல்லிக்கு அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போவார். அவரும் ஆர்வமாகக் கேட்டார். புத்தகத்துக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

அதற்கு முன்பே ‘ஒடிஸி’ ஆங்கிலத்தில் பலமுறை வந்திருந்தது. அவற்றில் செல்வாக்கு மிக்கது 1879-இல் புட்சரும் லாங்கும் செய்தது. முழுக்க பழைய பைபிள் நடை. அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தை லேசில் தள்ளிவிட முடியாது. ஹோமரின் கிரேக்கம் எந்தத் தெருவிலும் பேசப்பட்டதல்ல. பல வட்டார வழக்குகளும் அக்காலத்துக்கே பழசான வடிவங்களும் கலந்த காவிய மொழி அது. இதே வாதத்தோடு ஃபிரான்சிஸ் நியூமன் 1856-இல் ‘இலியட்’டைப் பழஞ்சொற்களால் நிரப்பினார். ஹோமரின் வேகமும் எளிமையும் அதில் போய்விட்டன என்று மேத்யூ ஆர்னால்டு சாடினார். நியூமனும் விடவில்லை, 1861-இல் பதில் எழுதினார்.

இந்த வழக்கை ரியூ கேட்பவரிடம் விட்டுவிட்டார். கதை கேட்கிறவர் அகராதியைப் புரட்ட மாட்டார். அடுத்து என்ன ஆயிற்று என்றுதான் கேட்பார். சாமுவேல் பட்லர் 1900-இலேயே எளிய உரைநடையில் எழுதியிருந்தார். ஆனால் எளிய நடையும் மலிவு விலையும் சேர்ந்தது ரியூவின் புத்தகத்தில்தான். இத்தனை மொழிபெயர்ப்புகள் இருக்கையில் இன்னொன்று எதற்கு என்று சுற்றியிருந்தவர்கள் தயங்கியபோதும், பென்குயின் அதிபர் ஆலன் லேன் துணிந்தார். வரிசை முழுவதற்கும் ரியூவையே பொதுப் பதிப்பாசிரியர் ஆக்கினார். 1964 வரை அந்தப் பொறுப்பு அவரிடம் இருந்தது. ‘ஒடிஸி’ முப்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

ஆனால் எளிமைக்கும் ஒரு விலை இருந்தது. ஹோமரில் பொழுது விடியும்போதெல்லாம் ‘ரோஜா விரல்கள் கொண்ட விடியல்’ அதே சொற்களில் திரும்பத் திரும்ப வரும். வாய்மொழிப் பாட்டின் அடையாளம் அது. வாசகருக்குச் சலிக்குமே என்று ரியூ இடத்துக்கு இடம் சொற்களை மாற்றினார். அவருடைய உரையாடல்களிலும் அக்கால ஆங்கிலக் கனவான்களின் பேச்சு வாடை அடித்தது.

அந்த வாடையும் ஒருநாள் பழசாகிப்போனது. 1991-இல் அவர் மகன் டி. சி. எச். ரியூ மொழிபெயர்ப்பைத் திருத்தினார். விடியலின் அடைமொழியையும் மூலத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார். பழைய நடையில் எழுதுகிறவருக்கு இந்தக் கவலை குறைவு. எழுதும் நாளிலேயே அது பழசு. நிகழ்காலப் பேச்சில் மொழிபெயர்க்கிறவர் அடுத்த தலைமுறைக்கு ஒரு வேலையை வைத்துவிட்டுத்தான் போகிறார். முப்பது லட்சம் பிரதிகளுக்கு அது நியாயமான விலைதான்.