கல்லணையிலிருந்து வெண்மணி வரை

காவிரி கடலோடு கலக்கும் இடத்தைப் பூம்புகாரில் முதன்முதலாகக் காண்பவர்கள் ஏமாந்து போவார்கள். குடகில் பிறந்து, மேட்டூரில் தேங்கி, திருவரங்கத்தை மாலையாகச் சுற்றி வந்த பேராறு, கடலருகே ஒரு வாய்க்காலின் அளவே இருக்கிறது. ஆறு வற்றிவிடவில்லை, பங்கிடப்பட்டுவிட்டது. நூற்றுக்கணக்கான கிளைகளாய், கன்னிகளாய், வாய்க்கால்களாய் வயல்களுக்குள் நுழைந்து, தன்னை முழுவதும் கொடுத்துவிட்டே அது கடலுக்கு வருகிறது. இந்தப் பங்கீடு எப்படி நடந்தது, எவர் கையால் நடந்தது, எவருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதே சோழநாட்டின் வரலாறு. அந்த வரலாற்றை ஒரு பகற்பொழுதில் தலைமடையிலிருந்து கடைமடை வரை கண்டு வருவோம் என்று நாங்கள் ஒன்பது பேர் ஒரு வேனில் புறப்பட்டோம். ஆசிரியர்கள் நால்வர், அருள்சகோதரியர் இருவர், பொதுப்பணித் துறையில் மதகுகளைக் காத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கல்லூரி மாணவர் இருவர். வழக்கமான திருத்தலப் பயணம் அன்று. எனினும் திருத்தலங்களும் வழியில் இருந்தன.

காலை வெயில் ஏறுமுன் கல்லணையை அடைந்தோம். கரிகாலன் மணிமண்டபத்தையும் மதகுகளின் வரிசையையும் பார்த்துவிட்டுத் திரும்புவோரே பலர். ஆனால் பழைய அணை மதகுகளுக்கு அடியில், பாம்பு வளைந்தாற்போலக் கிடக்கும் கற்கட்டு. அதன் நீளம் 1,080 அடி. அகலம் 40 முதல் 60 அடி. உயரம் 15 முதல் 18 அடி. திருவரங்கத் தீவின் கீழ்முனையில் காவிரி மீண்டும் கொள்ளிடத்தை நெருங்குகிறது. கொள்ளிடம் தாழ்ந்த ஆறு. விட்டால் காவிரி நீரெல்லாம் அதில் சரிந்து, வயலுக்குப் பயனின்றிக் கடலுக்குப் போய்விடும். அதைத் தடுத்துக் காவிரி, வெண்ணாற்றுப் பக்கமாக நீரைத் திருப்பியதுதான் அந்தக் கற்கட்டின் வேலை. அடியில் பாறை இல்லை, மணல்தான். பெருங்கற்களை மணலில் இறக்கி, அவை தம் பாரத்தால் தாமே அழுந்த விட்டு, மேலும் மேலும் கல் அடுக்கி, இடையில் களிமண் பூசினார்கள். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830ஐ ஒட்டி இங்கே மணற்போக்கிகளை அமைத்தபோது, ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் இடும் வித்தையை இந்த மக்களிடமிருந்தே கற்றதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1836இல் அவர் முடித்த முக்கொம்பு மேலணையும், பின்னர் கோதாவரியில் கட்டிய தவளேசுவரம் அணையும் அந்தப் பாடத்தின் பயனே. ஆட்சி செய்ய வந்தவன் ஆளப்படுவோரிடம் மாணவனாக நின்ற இத்தகைய தருணங்கள் நம் வரலாற்றில் அதிகமில்லை.

அணையைக் கட்டியவன் கரிகாலன் என்பது மரபு. சங்கப் பாடல்களில் கல்லணை பற்றிய நேரடிக் குறிப்பு இல்லை. அவன் காடழித்து நாடாக்கியதும் குளங்கள் தோண்டியதுமே பேசப்படுகின்றன. காவிரிக்குக் கரை எடுத்த செய்தியைப் பிற்காலச் சோழரின் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அடங்கிய சிற்றரசர்களைக் கொண்டே அந்த வேலை நடந்ததாம். கடலுக்கு அப்பால் இலங்கையில் இராசாவலிய நூல் வேறொரு கதையைக் காத்து வந்திருக்கிறது. சோழ மன்னன் பன்னிரண்டாயிரம் சிங்களரைச் சிறைபிடித்துச் சென்று காவிரிக் கரையில் வேலை வாங்கினான் என்பதும், கயவாகு மன்னன் சோழநாடு வந்து அவர்களை மீட்டான் என்பதும் அந்தக் கதை. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆயினும் வென்றவனின் செப்பேட்டில் சிற்றரசர் இடம்பெற, தோற்றவனின் நினைவில் மண்கூடை சுமந்த அடிமைகள் இடம்பெறுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. எகிப்தில் செங்கல் அறுத்த எபிரேயரின் கதையை மறைநூலில் வாசித்து வளர்ந்த நமக்கு, இவற்றுள் எந்த நினைவு அணுக்கமானது என்று சொல்லவேண்டியதில்லை.

எங்களோடு வந்த பெரியவர் இன்னொன்றைச் சொன்னார். வெள்ளம் கரையை அரிக்கும் இரவில் வீட்டுக்கு ஒருவராய் மூங்கிலும் வைக்கோலும் மண்மூட்டையும் கொண்டு ஓடிவரவேண்டும் என்பது இங்கு நெடுநாள் வழக்கமாம். குடிமராமத்து என்ற பெயரில் நாம் பெருமையாகப் பேசும் இந்த வழக்கத்தை 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய வேலைச் சட்டம் சட்டக் கடமையாகவே ஆக்கிற்று. கடமை ஊருக்குப் பொது என்றாலும், உடைப்பில் இறங்கியவர்கள் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர்களே. அணைக்கும் கரைக்கும் அரசன் பெயரும் பொறியாளர் பெயரும் நிலைத்துவிட்டன. கூடை சுமந்தவர் எவருக்கும் எங்கும் கல் நடப்படவில்லை.

கல்லணையிலிருந்து கிழக்கே செல்லும் சாலையில் பூண்டி மாதாவின் பேராலயம் இருக்கிறது. 1999இல் அது பசிலிக்கா நிலைக்கு உயர்த்தப்பட்டது. நம் வாசகர்களுக்கு அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை; அன்னையிடம் சிறிதுநேரம் இருந்துவிட்டு, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து ஏலாக்குறிச்சிக்குச் சென்றோம்.

ஏலாக்குறிச்சியில் நாங்கள் நினைத்ததைவிட நெடுநேரம் தங்கிவிட்டோம். இதுவே வீரமாமுனிவரின் திருக்காவலூர். 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் பிறந்து, 1711 அளவில் மதுரை மறைமாநிலத்துக்கு வந்த அந்த இயேசு சபைக் குரு, இங்கே அடைக்கல அன்னைக்குக் கோவில் எழுப்பினார், கலம்பகம் பாடினார். 1726இல் நிறைவுற்ற தேம்பாவணி 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. அதன் முதற்படலம் யூதேயா நாட்டின் வளத்தைப் பாடுகிறது. கல்லும் முள்ளும் நிறைந்த அந்த மலைநாடு முனிவரின் கையில் மழையும் ஆறும் நெல்வயலும் கொண்ட மருதநிலமாகிவிடுகிறது. காப்பியத்துக்கு நாட்டுவளம் பாடவேண்டும் என்பது தமிழ் மரபு. அதற்கு அவர் அடங்கினார் என்பது புலவர்கள் தரும் விளக்கம். அது சரிதான். ஆனால் கொள்ளிடத்தின் இந்தக் கரையில் நின்று பார்க்கும் எவருக்கும் இன்னொன்றும் தோன்றும்: அவர் கண்முன்னே இருந்த நாடு இதுதான், இதையே அவர் திருக்குடும்பத்தின் நாடாகக் கண்டார்.

காப்பியத் தலைவன் யார் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழில் அதுவரை காப்பியத் தலைவர்கள் அரசர்கள், வணிகர்கள், துறவியர். முனிவர் தேர்ந்தெடுத்தவர் ஒரு தச்சர்: சூசை. வளன் என்று அவருக்கு அழகிய தமிழ்ப் பெயரும் சூட்டினார். தாவீது அரசகுலத்தவர் என்ற சிறப்பை அவர் விட்டுவிடவில்லை என்பது உண்மையே. எனினும் உளியும் வாய்ச்சியும் பிடித்த கை காப்பியத்தின் நடுவே வந்து அமர்ந்தது சிறிய செய்தியன்று.

இதைச் சொல்லும்போது அந்நாளைய திருச்சபையின் மறுபக்கத்தையும் சொல்லாதிருக்க முடியாது. தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி வகுத்த சந்நியாசி முறையில் வாழ்ந்த குருக்கள், உயர்ந்தோர் எனப்பட்டவர்களோடு மட்டுமே வெளிப்படையாகப் பழக முடிந்தது. 1640இல் பல்தசார் தா கோஸ்தாவோடு தொடங்கிய பண்டாரசாமி முறையே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழி திறந்தது. புனித அருளானந்தரும் அந்தக் கோலத்தையே ஏற்றார். நற்செய்தி ஒன்றாக இருக்க, அதைக் கொண்டுவரும் குருவின் உடையும் உணவும் இரண்டாக இருந்தன. அக்காலச் சூழலில் வேறு வழியில்லை என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுவார்கள். ஆலயத்துக்குள் தனியிடம், கல்லறையில் தனிச்சுவர் என அந்த இரட்டை வழி பின்னர் எவ்வளவு தொலைவு நீண்டது என்பதை நம் பங்குகளின் முதியவர்கள் அறிவார்கள்.

உணவுக்குப் பின் தஞ்சையைக் கடந்து நீடாமங்கலம் வந்தபோது பிற்பகல். அங்கே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என நீர் மூன்றாகப் பிரிகிறது. மாணவர் இருவரும் மதகின்மேல் நின்று எந்த ஆறு எந்தப் பக்கம் போகிறது என்று பெரியவரிடம் கேட்டுக்கொண்டிருந்தனர். தலைமடையில் ஒரு பலகை ஏறினால் கடைமடையில் ஓர் ஊர் காயும் என்றார் அவர். மேட்டூர் அணை 1934இல் வந்தபின், சூன் 12இல் நீர் திறப்பது வழக்கமாயிற்று. குறுவை, சம்பா, தாளடி எல்லாம் அந்த நாளைப் பார்த்துக் கணக்கிடப்படுகின்றன. அந்த நாளில் திறக்கமுடியாத ஆண்டுகளும் பல. அப்போதெல்லாம் முதலில் காய்வது நாங்கள் சென்றுகொண்டிருந்த கீழைத்தஞ்சைதான்.

மயிலாடுதுறைக்குச் செல்ல நேரம் இல்லை. எனினும் வேனில் எங்கள் பேச்சு அங்கே சென்றது. அவ்வூரில் முனிசீப்பாக இருந்தவர் நம் வேதநாயகம் பிள்ளை (1826-1889). பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர் என்றே அவரை அறிகிறோம். நீதிமன்றத் தீர்ப்புகளை 1862இல் தமிழில் பெயர்த்து நூலாக்கியவரும் அவரே. சட்டம் மக்களுக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. 1876-78 பெரும்பஞ்சத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கொடையைப் போற்றிப் பாடினார். நந்தனார் சரித்திரம் இயற்றிய சைவர், கத்தோலிக்க நீதிபதியைப் பாடியது காவிரிக்கரையின் பண்பாடு.

திருவாரூருக்குக் கிழக்கே நிலம் தாழ்ந்து, வானம் அகன்று, காற்றில் உப்பு வாடை சேர்கிறது. இங்கே பெருநிலக்கிழார்களும் மடங்களும் கோவில்களும் நிலம் வைத்திருக்க, உழைத்தவர்கள் பண்ணையாள்களாகத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தார்கள். தவறுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்தன. 1940களில் பி. சீனிவாசராவ் முதலான பொதுவுடைமையர் அந்த மக்களைச் சங்கமாகத் திரட்டிய பின்னரே அவை குறைந்தன. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அறநிலை சார்ந்த செய்தியை மக்களிடம் முதலில் கொண்டுசென்றது கடவுளை ஏற்காதவர்கள் என்பது நம்மில் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். வரலாறு அப்படித்தான் இருக்கிறது.

கீழவெண்மணிக்கு நாங்கள் சென்றபோது வெயில் தணிந்திருந்தது. கூலியில் அரைப்படி நெல் உயர்த்தக் கேட்டார்கள். சங்கக் கொடியை இறக்க மறுத்தார்கள். 1968 திசம்பர் 25 இரவு, தாக்குதலுக்கு அஞ்சி ஒரு குடிசைக்குள் ஒடுங்கியவர்கள் அதனோடு சேர்த்து எரிக்கப்பட்டார்கள். இறந்தவர் 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களைக் கீழமை நீதிமன்றம் தண்டித்தது; உயர் நீதிமன்றம் விடுவித்தது. செல்வர்களான அவர்கள் தாமே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்று அந்தத் தீர்ப்பு கருதியது. தீர்ப்பைத் தமிழில் பெயர்த்த வேதநாயகம் பிள்ளை இதை எப்படிப் பெயர்த்திருப்பார் என்று எங்களுள் ஒருவர் கேட்டார்.

நினைவிடத்தில் அந்தப் பெயர்களை வரிசையாக வாசித்தோம். யாரும் பேசவில்லை. அன்று கிறிஸ்து பிறப்பு விழா நாள். அந்த மாவட்டத்தின் ஆலயங்களிலெல்லாம் வைக்கோல் வேய்ந்த குடில் இருந்திருக்கும். விழா முடிந்து மக்கள் வீடு சேர்ந்திருப்பார்கள். வேளாங்கண்ணி இங்கிருந்து தொலைவில் இல்லை. ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் காவி உடுத்து இந்தப் பக்கத்துச் சாலைகளில் நடந்து செல்கிறோம். அவர்களுள் எத்தனை பேர் வெண்மணிக்குத் திரும்பும் வழியை அறிந்திருக்கிறோம்?

அந்தத் தீக்குப் பின் சில மாற்றங்கள் வந்தன. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. 1971இன் குடியிருப்புச் சட்டம், அதுவரை பிறர் மனையில் ஒண்டியிருந்தவர்களுக்கு அவர்கள் குடிசை நின்ற தரையைச் சொந்தமாக்கிற்று. கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் என்னும் காந்தியத் தம்பதியர் வெண்மணிச் செய்தி கேட்டு இந்தப் பகுதிக்கு வந்து தங்கிவிட்டார்கள். 1981இல் லாப்டி என்னும் உழுவோர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கி, நிலக்கிழார்களிடம் பேசி விலைக்கு வாங்கி, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் அளித்தார்கள். பட்டா பெண்களின் பெயரில். ஏன் என்று கேட்டால், பெண்ணிடம் உள்ள நிலம் சாராயக் கடைக்குப் போகாது என்பது இப்பகுதியில் எளிதாகக் கிடைக்கும் விடை.

நிலம் கிடைத்ததும் கடலோரத்தில் வேறொரு தொல்லை வந்தது. 1990களில் இறால் பண்ணைகள் பெருகி, உப்புநீர் நன்செய்க்குள்ளும் குடிநீர்க் கிணறுகளுக்குள்ளும் இறங்கியது. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 திசம்பரில் உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாதென்று தீர்ப்பளித்தது. பின்னர் 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து, நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. வயல்களில் மீண்டும் உப்பு. தூர்வாரி, ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழைநீரால் பலமுறை கழுவி அந்த மண்ணை மீட்டார்கள். 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது.

வெண்மணியிலிருந்து புறப்படும்போது வாய்க்கால் கரையில் பெண்கள் சிலர் மண்வெட்டியோடு அமர்ந்திருந்தனர். முறைத் தண்ணீர் அன்று இரவு வரும் என்றார்கள். மேல்மடைக்காரர் விட்டால்தான் என்று ஒருவர் திருத்தினார். எங்கள் பெரியவர் வேனிலிருந்து இறங்கி, மதகுப் பலகை எத்தனை ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, நள்ளிரவுக்கு மேல் ஆகும் என்று அவர்களிடம் சொன்னார். அவர்கள் எழுந்து போகவில்லை.