பச்சை உடம்பும் 21 கிலோமீட்டரும்

விடியற்காலை நாலே முக்காலுக்கு வாசற்படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். மகளுக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுத்த பால் ஏழு மணிக்கு. அதற்குள் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து குளித்திருக்க வேண்டும். பின்னால் பாட்டியின் குரல் கேட்டது.

“பச்ச உடம்ப வச்சுக்கிட்டு எங்க போற?”

“ஏழு மாசம் ஆச்சு பாட்டி. இன்னுமா பச்ச உடம்பு?”

“புள்ள பால் குடிக்கிற வரைக்கும் பச்ச உடம்புதான். ஓடுனா எவ்ளோ குடுப்பாங்க?”

“நான்தான் கட்டியிருக்கேன். எண்பது வெள்ளி.”

பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “காசு குடுத்தா ஓடுற?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

வருஷக் கடைசியில் பினாங்குப் பாலத்தில் நடக்கும் அரை மாரத்தானுக்குத்தான் பேர் கொடுத்திருக்கிறேன். 21.1 கிலோமீட்டர். என் வாழ்க்கையில் முதல் தடவை. பாட்டியின் கேள்வி அன்றைக்கு எட்டு கிலோமீட்டரும் கூடவே ஓடிவந்தது. நான் பொறியாளர். இயந்திரம் நின்றுபோனால் முதலில் பழைய பழுதுப் பதிவேட்டைத்தான் புரட்டுவோம். பிள்ளை பெற்ற உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதை இதற்கு முன் யார் யார், எந்தத் தரவை வைத்து முடிவு செய்தார்கள்? அந்தப் பதிவேட்டைப் புரட்டினேன்.

முதலில் கிடைத்தவர் ஒரு டாக்டர். 1873-இல் ஹார்வர்டைச் சேர்ந்த எட்வர்ட் கிளார்க் ஒரு புத்தகம் எழுதினார். உடம்பில் இருக்கும் சக்தி ஓர் அளவுதான், பெண்பிள்ளைகள் அதைப் படிப்பில் செலவழித்தால் கருப்பைக்குப் போய்ச் சேர வேண்டியது குறைந்துவிடும் என்பது அவருடைய வாதம். ஒரே தொட்டி, இரண்டு குழாய் என்கிற மாதிரியான கணக்கு. படிப்புக்கே இந்த நிலைமை என்றால் ஓட்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அடுத்த பக்கம் 1928, ஆம்ஸ்டர்டாம். ஒலிம்பிக்கில் பெண்களைத் தடகளத்துக்குள் விட்ட முதல் ஆண்டு. ஆகஸ்டு 2-இல் 800 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒன்பது பேர் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலகச் சாதனையோடு வென்றார். ஜப்பானின் கினுவே ஹிதோமி இரண்டாவதாக வந்தார். ஒன்பது பேருமே ஓடி முடித்தார்கள். முடித்த பிறகு களைத்துச் சாய்ந்தவர்களும் உண்டு. 800 மீட்டரை முழு வேகத்தில் ஓடிய ஆண்களும் அப்படித்தான் சாய்வார்கள். ஆனால் பத்திரிகைகளில் வந்தது வேறு கதை. பதினோரு பேர் ஓடினார்கள், அதில் ஐந்து பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள், ஐந்து பேர் கோட்டைத் தொட்டதும் விழுந்துவிட்டார்கள் என்று எழுதிய நிருபர்கூட இருக்கிறார். ஓடியதே ஒன்பது பேர்! தொழிற்சாலையில் இப்படி ஓர் அறிக்கை கொடுத்தால் அன்றைக்கே கூப்பிட்டு விசாரிப்பார்கள். அங்கே அந்த அறிக்கையை நம்பி முடிவெடுத்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் மறுபடியும் வந்தது 1960-இல், ரோமில். இடையில் 32 வருடம்.

இந்த 32 வருடத்துக்கு நடுவில்தான் ஃபானி பிளாங்கர்ஸ்-கூன் வருகிறார். நெதர்லாந்துக்காரர். 1946 பிப்ரவரியில் இரண்டாவது குழந்தை பிறந்தது. அதே ஆகஸ்டில் ஓஸ்லோவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் தங்கம் வாங்கினார். 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனபோது வயது 30, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பிள்ளைகளை விட்டுவிட்டு இந்த வயதில் என்ன ஓட்டம் என்று அவரிடம் கேட்டார்கள். அவர் 100 மீட்டர், 200 மீட்டர், 80 மீட்டர் தடை ஓட்டம், 4×100 அஞ்சல் ஓட்டம் என நான்கு தங்கத்தோடு ஊர் திரும்பினார். பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டம் ‘பறக்கும் இல்லத்தரசி’. நான்கு தங்கம் வாங்கிய பிறகும் இல்லத்தரசி என்ற சொல் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது.

நம் ஊருக்கு வருவோம். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஓடியவர் எம். ராஜாமணி. அன்றைக்கு ஒலிம்பிக்கில் பெண்கள் ஓடக்கூடிய ஆக நீளமான தூரம் அதே 800 மீட்டர்தான். 1966 டிசம்பரில் பேங்காக் ஆசிய விளையாட்டில் ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதும் அந்த ஆண்டு அவருக்குத்தான் போனது. அதே 1966-இல், ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பாபி கிப் என்ற பெண் புதருக்குள் ஒளிந்துகொண்டிருந்தார். பெண்களால் மாரத்தான் தூரம் ஓட முடியாது என்று சொல்லி அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். துப்பாக்கி வெடித்து ஓட்டக்காரர்கள் கிளம்பியதும் புதரிலிருந்து வெளியே வந்து கூட்டத்தில் கலந்தார். முழுத்தூரமும் ஓடி முடித்தார். மறு ஆண்டு கேத்ரின் சுவிட்சர் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிந்து, 261 என்ற எண்ணோடு ஓடினார். அமைப்பாளர்களில் ஒருவர் நடுவழியில் பாய்ந்து அந்த எண்ணைப் பிய்த்தெடுக்கப் பார்த்த படம் உலகம் முழுக்கப் போனது. நெடுந்தூரம் ஓடினால் கருப்பை கழன்று விழுந்துவிடும் என்று அந்தக் காலத்தில் நிஜமாகவே எச்சரித்தார்கள் என்று சுவிட்சர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

பாஸ்டனில் பெண்களுக்கு அதிகாரபூர்வமாக இடம் கிடைத்தது 1972-இல். எட்டுப் பேர் ஓடினார்கள், எட்டுப் பேரும் முடித்தார்கள். முதலில் வந்த நீனா குஸ்சிக் மூன்று பிள்ளைகளின் தாய். இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கருப்பை விழுந்துவிடும் என்று பயந்து 75 வருடம் பெண்களை வெளியே நிறுத்திய ஓட்டம். கதவைத் திறந்த அன்றைக்கே மூன்று முறை பிரசவித்த ஒருத்தி முதலாவதாக வந்துவிட்டார்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியிடம் சொன்னேன். கருப்பை கதையைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“அப்ப எங்களுக்கெல்லாம் எத்தன தடவ விழுந்திருக்கணும்?”

பாட்டி சுங்கை பட்டாணிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஆறு பிள்ளைகள். விடியுமுன் பெரட்டு. நெற்றி விளக்கோடு மேடும் பள்ளமுமாய் நிரை நிரையாக நடக்க வேண்டும். காலையில் வெட்டிய மரத்தையெல்லாம் மறுபடியும் சுற்றிவந்து மங்கிலிருந்து பாலை வாளிக்கு மாற்ற வேண்டும். பிறகு காண்டாவில் இரண்டு பக்கமும் வாளியை மாட்டிக்கொண்டு நிறுவைக் கொட்டகைவரை போக வேண்டும். பிள்ளை ஆயா கொட்டகையில் ஏணையில் கிடக்கும்.

“மாரு கட்டிக்கும். சட்டையெல்லாம் நனைஞ்சிரும். ரப்பர் பாலா தாய்ப்பாலான்னு தெரியாது,” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“லீவு கொடுக்கலையா பாட்டி?”

“அறுவது நாளு. அதுல பாதி வயித்துல இருக்கும்போதே போயிரும்.”

அந்த அறுபது நாள் 1955 வேலைச் சட்டத்தில் இருந்தது. அதற்கு முன்பே 1923-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு பேறுகாலப் படியைப் பற்றியும் ஆயா கொட்டகையைப் பற்றியும் பேசியது. தோட்டத்துப் பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள் என்பது அரசாங்கத்துக்கும் துரைமாருக்கும் நன்றாகவே தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. 1920-களின் கடைசியில் தோட்டத்து இந்தியர்களுக்கு நிர்ணயித்த நாள் சம்பளம் பல வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பாட்டியின் அம்மா வேலைக்குப் போனது அந்தக் காலத்தை ஒட்டி.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் 800 மீட்டர் ஓடியதற்காகப் பெண்ணுடலைப் பற்றி உலகமே கவலைப்பட்ட அதே வருடங்களில், இங்கே பெற்றெடுத்துச் சில வாரங்களே ஆன பெண்கள் காண்டா தூக்கினார்கள். அவர்களுடைய கருப்பையைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதியது? எந்த டாக்டர் சக்தித் தொட்டிக் கணக்குப் போட்டார்? உடம்பு கெட்டுவிடும் என்ற பயம் ஒரு பெண் தனக்காக ஓடும்போது மட்டும் வந்தது. அவள் இன்னொருவருக்காக உழைத்தபோது அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. என் பதிவேட்டில் கடைசியில் கிடைத்த பழுது இதுதான்.

அதனால் பாட்டியின் ‘பச்சை உடம்பு’ வெறும் பழங்கதை என்று நான் எழுதிவிட்டுப் போக முடியாது. ஏனென்றால் அதில் பாட்டி சரி. 2019-இல் பிரிட்டனைச் சேர்ந்த இயன்மருத்துவர்கள் மூன்று பேர் பிரசவத்துக்குப் பிறகு ஓட்டத்துக்குத் திரும்புவதைப் பற்றி ஒரு வழிகாட்டியை வெளியிட்டார்கள். குறைந்தது 12 வாரம் பொறுக்கச் சொல்கிறது அது. ஆறாவது வாரப் பரிசோதனையில் டாக்டர் “ஓகே” என்றதும் நான் ஓடப் பார்த்தேன். முந்நூறு மீட்டர்கூடப் போகவில்லை, சிறுநீர் கசிந்துவிட்டது. நடுரோட்டில் நின்று அழுதேன். இடுப்புக் கூட்டின் அடியில் ஒரு தொட்டில்போலத் தசைகள் இருக்கின்றன. ஒன்பது மாதப் பாரத்தையும் பிரசவத்தையும் தாங்கிய அவற்றுக்கு மறுபடி இறுகுவதற்கு நாள் வேண்டும். பாட்டி அடிவயிற்றில் இறுக்கிக் கட்டிய துணியும், தூக்காதே குனியாதே என்ற அதட்டலும் அந்தத் தசைகளின் பெயர் தெரியாமல் வந்த அறிவு. நான்காவது மாதத்தில்தான் ஒழுங்காகத் தொடங்கினேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை.

2023 ஜனவரி முதல் நம் நாட்டில் பேறுகால விடுப்பு 98 நாள். அதாவது 14 வாரம். இயன்மருத்துவர்கள் சொன்ன 12 வாரம் அதற்குள் அடங்கிவிடுகிறது. பாட்டிக்கு அறிவு இருந்தது, நாள் இல்லை. எனக்கு நாள் இருக்கிறது. இந்த வித்தியாசத்தின் மேல்தான் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

இதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. தாய்மார்கள் ஓட முடியும் என்பது என்றைக்கோ நிரூபணமாகிவிட்டது. மிக்கி கோர்மனுக்கு 1975 ஜனவரியில் மகள் பிறந்தாள், 1976-இல் 41 வயதில் நியூயார்க் மாரத்தானை வென்றார். நார்வேயின் இங்ரிட் கிறிஸ்டியான்சன் 1983 ஆகஸ்டில் பிரசவித்தார், 1984 ஜனவரியில் ஹூஸ்டன் மாரத்தானில் முதலாவது, 1985-இல் லண்டனில் 2 மணி 21 நிமிடம் 6 விநாடியில் உலகச் சாதனை. நம் பக்கத்தில், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வருவதற்கு ஒரு வருடம் முன்பே, 1983 சீ விளையாட்டில் சிங்கப்பூரின் கே. ஜெயமணி மாரத்தான் தங்கம் வாங்கிவிட்டார். ஆனால் 2019-இல்கூட அலிசியா மொன்டானோ, அலிசன் ஃபெலிக்ஸ் போன்ற அமெரிக்க ஓட்டக்காரிகள் பிள்ளை பெற்றால் விளம்பர ஒப்பந்தப் பணம் குறைகிறது என்று பத்திரிகையில் எழுத வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் ஒப்பந்தங்கள் மாறத் தொடங்கின. அளவு வேறு என்றாலும் 40 காசுக் கதையின் தொடர்ச்சியாகத்தான் எனக்குப் படுகிறது. நான் தாய்ப்பால் எடுக்கும் அறை, பழைய கணினிகளைப் போட்டுவைத்திருக்கும் ஸ்டோர். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. கதவுக்கு முட்டுக் கொடுத்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு எடுக்கிறேன்.

போன வாரம் முதல் தடவையாக 16 கிலோமீட்டர் ஓடினேன். நாலு மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. நான் எழுந்திருக்கும்போது பாட்டி ஏற்கெனவே விழித்திருந்தார். தோட்டத்தை விட்டு வந்து இத்தனை வருடம் ஆகியும் பெரட்டு நேரத்துக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார்.

“எம்புட்டு தூரம் இன்னைக்கு?”

“பதினாறு.”

“எங்க பத்தாவது நிரை வரைக்கும் இருக்கும்ல?” என்று யோசித்தார். பிறகு, “தண்ணி எடுத்துக்கிட்டுப் போ. மெதுவா ஓடு. புள்ள அழுதா நான் பாத்துக்கிறேன்,” என்றார்.

காசு கொடுத்து ஓடுவதைப் பற்றி அவர் இப்போது கேட்பதில்லை. பாலத்து ஓட்டத்துக்குத் தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் அங்கே எவ்வளவு பேர் இருப்பார்கள் என்று பார்க்க வேண்டுமாம். கோட்டைத் தாண்டியதும் எனக்கு மெடல் வேண்டாம், உட்கார்ந்து பால் கொடுக்க ஓர் இடம் வேண்டும். பாட்டி அதற்கும் இரண்டு கைலி எடுத்து வைத்துவிட்டார், மறைப்புக் கட்ட.